கராச் கொப்பிக்குப் பதிலாக ஒரு செயலி: வன்னியில் வாகன சேர்விஸ் செயலி வடிவமைக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்கோ சொந்த முயற்சியாகவோ வாகன சேர்விஸ் செயலி ஒன்று செய்து பார்க்கலாம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓரளவு நிரல் எழுதத் தெரியும், ஆனால் ஒரு செயலியை முதலிலிருந்து கடைசி வரை வடிவமைத்ததில்லை, வீடு பரந்தனிலோ மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கிறது, நடந்து போகிற தூரத்தில் ஒரு கராச் இருக்கிறது. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம். இந்த வகைச் செயலிகள் பிளே ஸ்டோரில் நிறையக் கிடக்கின்றன, இரண்டு மூன்றை இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கார்க்காரரை மனதில் வைத்துச் செய்திருப்பார்கள்: அவரிடம் ஒரு கார், அதில் ஓடுகிற மீற்றர், எந்த நேரமும் இணையம், கார்டில் கட்டுகிற காசு. எங்கள் பக்கத்தில் இந்த நாலும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது அபூர்வம். அதனால் அவற்றைப் பார்த்து அப்படியே தமிழாக்கினால் ஒன்றும் நடக்காது.

முதலில் கராச்சில் போய் இருங்கள்

மடிக்கணினியைக் கொண்டு போக வேண்டாம். ஒரு கொப்பியும் பேனையும் போதும். காலையில் கராச் திறக்கிற நேரத்தில் போய், மெக்கானிக் அண்ணையிடம் அனுமதி கேட்டு, ஓரமாக இருந்து பாருங்கள். என்னென்ன வண்டி வருகிறது, ஆள் வந்தவுடன் முதல் என்ன கேட்கிறார், எதை எழுதுகிறார், எதை எழுதாமல் விடுகிறார், அந்த நேரத்தில் அவருடைய கை எந்த நிலையில் இருக்கிறது. கேள்வி கேட்டு அறிவதைவிடப் பார்த்து அறிவதுதான் அதிகம். ஏனென்றால் "நீங்கள் எப்படிப் பதிவு செய்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒழுங்கான பதில் ஒன்று வரும், ஆனால் நடப்பது வேறாக இருக்கும்.

மேசையில் ஒரு கொப்பி கிடக்கும். அதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள், விட்டால் கவனமாகப் பாருங்கள். திகதி, வண்டியின் கடைசி நாலு இலக்கம் அல்லது ஆளின் பெயரும் ஊரும், மாற்றிய சாமான், சாமான் காசு, கூலி, தந்தது, மிச்சம். இதில் அழுத்தி எழுதி, பிறகு காசு வந்ததும் கோடு போட்டு வெட்டியிருப்பது எந்தப் பகுதி என்று பாருங்கள். மிச்சம். இந்தக் கொப்பி உண்மையில் சேர்விஸ் பதிவேடு அல்ல, கடன் பதிவேடு. போன முறை ஒயில் மாற்றியது எப்போது என்பது அதில் இருக்கிறதென்றால், அது கடனோடு ஒட்டிக்கொண்டு வந்ததால்தான் இருக்கிறது. காசைக் கையோடு தந்துவிட்டுப் போனவருடைய வேலை பல இடங்களில் எழுதப்படுவதே இல்லை.

செயலியின் முழு வடிவமும் இங்கேதான் தீர்மானமாகிறது. வன்னியில் கமக்காரர் உழவு இயந்திரத்தைத் திருத்திக்கொண்டு போகிற நேரம் விதைப்புக்கு முந்தின நேரம், கையில் காசு இல்லாத நேரம். காசு வருவது அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு. இடையில் நாலைந்து மாதம் அந்தத் தொகை கொப்பியில்தான் இருக்கும். ஒரு கராச்காரர் அந்தக் கொப்பியைக் கைவிட்டு உங்கள் செயலிக்கு வர வேண்டுமென்றால் அதில் கடன் இருக்க வேண்டும். நினைவூட்டல், வரைபடம், அழகான நிறங்கள் எல்லாம் இருந்து கடன் மட்டும் இல்லையென்றால் அவர் இரண்டையும் எழுத மாட்டார், கொப்பியை மட்டும் எழுதுவார். ஆகவே கடனைப் பதிய வசதி செய்யுங்கள், சேர்விஸ் வரலாறு அதன் பின்னால் தானாக வரும். பாடப்புத்தக வரிசையில் வாகனப் பதிவு, சேர்விஸ் அட்டவணை, கட்டணம் என்று போனால் இது கடைசியில் விழுந்துவிடும்.

யாருக்கான செயலி

இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், வண்டிக்காரரும் கராச்காரரும். இருவருக்கும் சேர்த்து ஒன்று செய்ய ஆசை வரும். முதல் பதிப்பில் வேண்டாம். ஐந்நூறு வண்டிக்காரர்களைச் செயலி இறக்க வைப்பதைவிட ஐந்து கராச்காரர்களைப் பழக்குவது எளிது, அந்த ஐந்து பேரிடம்தான் நூற்றுக்கணக்கான வண்டிகளின் விபரம் இருக்கிறது. வண்டிக்காரருக்குச் செயலி தேவையில்லை, அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போனால் போதும். கராச்சிலும் முதலாளி வேறு, வேலை செய்கிற தம்பி வேறு என்பதைக் கவனியுங்கள். பதிகிறவர் பெரும்பாலும் தம்பி, கடனைப் பார்க்கிறவர் முதலாளி. இந்த இரண்டு பார்வையையும் ஒரு இரகசிய இலக்கத்தால் பிரித்து வையுங்கள்.

கடதாசியில் திரைகளை வரையுங்கள்

ஃபிக்மா நல்ல கருவிதான், இலவசமாகவும் தொடங்கலாம், ஆனால் முதல் வரைபு கடதாசியில் இருக்கட்டும். போன் அளவுக்கு வெட்டிய துண்டுகளில் ஒவ்வொரு திரையையும் வரைந்து, தம்பியின் கையில் கொடுத்து, "இந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒயில் மாற்றினீர்கள், பதியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். விளங்கப்படுத்தப் போனால் சோதனை முடிந்துவிட்டது. அவர் எங்கே விரலை வைக்கிறார், எங்கே தயங்குகிறார் என்பதுதான் உங்களுக்குத் தேவை.

ஒரு வேலையைப் பதிய அரை நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எனக்குச் சரியாகப் படுகிற ஒழுங்கு இது:

1. கடைசி நாலு இலக்கத்தை அடித்தவுடன் பொருந்துகிற வண்டிகள் வரட்டும், பெயரும் ஊரும் பக்கத்தில் தெரியட்டும். புது வண்டியென்றால் அங்கேயே சேர்க்கலாம்.
2. செய்த வேலைகள் பெரிய பொத்தான்களாக: ஒயில், ஒயில் பில்டர், எயார் பில்டர், பிளக், செயின், பிறேக், கிளச், டியூப், கிறீஸ். அந்த வகை வண்டிக்கு உரியவை மட்டும். உழவு இயந்திரத்துக்குச் செயின் செட் காட்டினால் தம்பி சிரிப்பார்.
3. மீற்றர். தெரியாவிட்டால் தாண்டிப் போக இடம்.
4. மொத்தம், தந்தது. மிச்சத்தைச் செயலி கணக்குப் பார்க்கும்.

இதற்கு மேல் ஒரு பெட்டி சேர்க்க நினைக்கும்போதெல்லாம் அது இல்லாமலும் பதிவு பயன்படுமா என்று கேளுங்கள். பயன்படாதென்றால் மட்டும் கட்டாயமாக்குங்கள், மற்றதெல்லாம் விருப்பம்.

கை ஒயிலாக இருக்கும். பொத்தான் சிறிதாக இருந்தால் பக்கத்துப் பொத்தானில் படும். ஆண்ட்ராய்டு வழிகாட்டல் தொடுகிற இடத்துக்குக் குறைந்தது 48 திரை அலகு (dp) கேட்கிறது, அதாவது கிட்டத்தட்ட 9 மில்லிமீற்றர். கராச்சுக்கு அதையும் தாண்டிப் பெரிதாக வையுங்கள். வேலை நடப்பது தகரக் கொட்டிலின் வாசலில் அல்லது மரத்தடியில், வெயில் நேரே திரையில் விழும். சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போடுகிற அழகெல்லாம் அங்கே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவிலாவது இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு, இங்கே 7க்குப் போங்கள். குரலால் பதியலாமே என்று கேட்பீர்கள். கொம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது பேசிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். தட்டச்சைக் குறைக்கப் படம் எடுப்பது நல்ல வழி: மீற்றரையும் புதுச் சாமானின் பெட்டியையும் ஒரு படம். ஆனால் படத்தை அப்படியே சேமிக்க வேண்டாம், சுருக்கிச் சில நூறு கிலோபைட்டுக்குள் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் போனும் நிறையும், டேட்டாவும் கரையும்.

அடுத்த சேர்விஸ் எப்போது: எங்கள் வண்டிகளுக்கான கணக்கு

இதுதான் சுவையான இடம், நேரம் எடுத்து யோசியுங்கள்.

எளிய வண்டியிலிருந்து தொடங்குவோம். மோட்டார் சைக்கிளுக்குச் சேர்விஸ் கிலோமீற்றரில் கணக்கு. ஒயிலுக்கு 3,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 12இல் ஒயில் மாற்றும்போது மீற்றர் 18,400. பெப்ரவரி 11இல் பஞ்சர் ஒட்ட வந்தபோது 19,300. முப்பது நாளில் 900, நாளுக்கு 30. அடுத்த ஒயில் 21,400இல், இன்னும் 2,100 இருக்கிறது, நாளுக்கு 30 வீதம் 70 நாள். ஏப்ரல் 22 அளவில் நினைவூட்டலாம். பார்த்தீர்களா, பஞ்சருக்கு வந்தவரிடம் மீற்றரை எடுத்ததால்தான் இந்தக் கணக்கு சரியாக வந்தது. அதனால் எந்தச் சிறு வேலைக்கு வந்தாலும் மீற்றரைக் கேட்கிற மாதிரித் திரையை அமைக்க வேண்டும். நிறுவனம் சொல்கிற இடைவெளியோடு காலத்தையும் சேருங்கள்: இத்தனை கிலோமீற்றர் அல்லது இத்தனை மாதம், எது முந்தி வருகிறதோ அது. கொஞ்சமாக ஓடுகிற வண்டியின் ஒயிலும் பழுதாகும்.

இடைவெளியை நிறுவனக் கையேட்டிலிருந்து எடுத்து நிலையாக எழுதிவிடாதீர்கள். அநேகமான கையேடுகளில் புழுதி, சேறு, அதிக பாரம் போன்ற கடினமான ஓட்டத்துக்குத் தனியான, குறுகிய அட்டவணை இருக்கும். ஏ9 நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிற வண்டியும், நாள் முழுக்கக் கிரவல் வீதியில் செம்புழுதி குடிக்கிற வண்டியும் ஒன்றல்ல. எயார் பில்டர் அடைபடுகிற வேகத்தில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். வண்டி ஒவ்வொன்றுக்கும் "தார் வீதி, கிரவல், வயல்" என்று ஒரு தெரிவு வைத்து, அதற்கேற்ப எத்தனை வீதம் குறைப்பது என்பதைக் கராச்காரர் தீர்மானிக்க விடுங்கள். இருபது வருடமாக அந்த மண்ணில் பில்டர் தட்டுகிறவருக்கு உங்களைவிடத் தெரியும்.

அடுத்தது மீற்றர் ஓடாத வண்டி. கேபிள் அறுந்து வருடக்கணக்கானவை, மீற்றர் மாற்றி மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியவை எல்லாம் வரும். புதிய அளவு பழையதைவிடக் குறைவாக வந்தால் "பிழை" என்று சிவப்பில் கத்துகிற செயலிகள் உண்டு. அப்படிச் செய்யாமல், மீற்றர் மாற்றினதா, எண்ணைப் பிழையாக அடித்ததா, மீற்றர் வேலை செய்யவில்லையா என்று மூன்றில் ஒன்றைக் கேளுங்கள். வேலை செய்யவில்லையென்றால் அந்த வண்டியைத் திகதிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் மீற்றரைக் கேட்டுக் கரைச்சல் கொடுக்கக் கூடாது.

இனி உழவு இயந்திரம். இதற்குக் கிலோமீற்றர் பொருந்தாது, மணித்தியாலம்தான். வயலில் ஓடாமல் நின்ற இடத்திலேயே நீர் இறைத்தாலும் எஞ்சின் தேய்கிறதுதானே. நாலு சில்லு இயந்திரங்கள் பலவற்றுக்கு எஞ்சின் ஒயில் 250 மணித்தியாலம் என்ற அளவில் சொல்வார்கள், லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு இயந்திரத்துக்கு அதைவிடக் குறைவு, சரியான எண்ணை அந்த இயந்திரத்தின் கையேட்டில் பாருங்கள். ஆகவே ஒவ்வொரு வண்டி வகைக்கும் அலகு எது என்பதை முதலிலேயே பிரித்து வையுங்கள்: கிலோமீற்றர், மணித்தியாலம், திகதி. பிறகு சேர்க்கப் போனால் முழு அட்டவணையையும் கிளற வேண்டி வரும்.

மணி மீற்றரும் ஓடாத பழைய இயந்திரத்துக்கு? அதன் சொந்தக்காரருக்கு மணித்தியாலம் நினைவிருக்காது, ஆனால் எத்தனை ஏக்கர் உழுதார் என்று கேட்டால் டக்கென்று சொல்வார், கூலியே அந்தக் கணக்கில்தான் வாங்குகிறார். அப்படியானால் ஏக்கரையே பதிய விடுங்கள். ஓர் ஏக்கருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது மண்ணையும் இயந்திரத்தையும் கலப்பையையும் பொறுத்தது, அந்த எண்ணைக் கராச்காரரோ சொந்தக்காரரோ ஒருமுறை கொடுத்தால் செயலி மணித்தியாலமாக்கிக்கொள்ளும். இதை வேறு செயலிகளில் நான் காணவில்லை, உங்கள் செயற்றிட்டத்தில் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிற இடம் இதுவாகவே இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், மேலே மோட்டார் சைக்கிளுக்குப் போட்ட நாளாந்தச் சராசரி உழவு இயந்திரத்துக்கு வேலை செய்யாது. மாரிகால நெற்செய்கையான காலபோகத்தின் உழவில் இரவு பகலாக ஓடும், பிறகு மாதக்கணக்கில் கொட்டிலில் நிற்கும். இரண்டையும் கூட்டிப் பிரித்து வருகிற எண் எந்த நாளுக்கும் பொருந்தாத எண். அதற்குச் சேர்விஸ் நினைவூட்டல் போகத்தோடு கட்டப்பட வேண்டும்: மழைக்கு முன், உழவு தொடங்க மூன்று நாலு கிழமை இருக்கும்போது ஒன்று, உழவு முடிந்து நிறுத்தி வைக்கும்போது ஒன்று. காலபோகத்துக்குச் செப்டெம்பர் அளவில் என்று ஒரு தொடக்கத் திகதி வைக்கலாம். கோடைகால நெற்செய்கையான சிறுபோகத்துக்கு அப்படி வைக்க முடியாது, இரணைமடு போன்ற குளங்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் எவ்வளவு விதைப்பது, எப்போது தொடங்குவது என்று முடிவெடுப்பார்கள். எனவே போகத் தொடக்கத் திகதியை நிரலுக்குள் எழுதாதீர்கள், கராச்காரர் மாற்றக்கூடிய ஓர் அமைப்பாக வெளியே வையுங்கள். அவர் அந்தத் திகதியை ஒருமுறை மாற்றினால் எல்லா உழவு இயந்திரங்களின் நினைவூட்டலும் சேர்ந்து நகர வேண்டும்.

தரவை எப்படி அடுக்குவது

நாலு அட்டவணை போதும்: ஆட்கள், வண்டிகள், வருகைகள், வருகையில் செய்த வேலைகள். கொடுப்பனவுக்குத் தனியாக ஐந்தாவது. ஏனென்றால் கடன் ஒரேயடியாக அடைவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வரும். சில நேரம் காசுக்குப் பதில் நெல் மூட்டை வந்து இறங்கினாலும் அதையும் குறிக்க ஒரு குறிப்பு இடம் வேண்டும். மிச்சத்தை ஓர் எண்ணாகச் சேமித்து மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், வேலைகளின் தொகையிலிருந்து கொடுப்பனவுகளைக் கழித்து ஒவ்வொரு முறையும் கணக்கிடுங்கள். தொகையை முழு ரூபாயாக, முழு எண்ணாக வையுங்கள். சதம் யாரும் கேட்கப் போவதில்லை.

வாகன இலக்கத்துக்குக் கடுமையான வடிவச் சோதனை போடாதீர்கள். இலங்கையில் ஸ்ரீ போட்ட பழைய இலக்கம், இரண்டு இலக்கமும் கோடும் நாலு இலக்கமுமாக வருவது, ஆங்கில எழுத்து இரண்டோ மூன்றோ வருவது, முன்னால் மாகாணக் குறி இருப்பது, இல்லாதது என்று பல தலைமுறை வடிவங்கள் ஒரே கராச்சில் நிற்கும். இலக்கத் தகடே இல்லாமல் வயலுக்குள் மட்டும் ஓடுகிற லான்ட்மாஸ்டரும் வரும், அதற்கு உரியவரின் பெயர்தான் அடையாளம். எழுதியபடி ஏற்றுக்கொண்டு, தேடலுக்காக இடைவெளியையும் கோட்டையும் நீக்கிய ஒரு பிரதியை உள்ளே வைத்திருங்கள்.

சாமானுக்கு ஒரு சிறு தெரிவு மறக்க வேண்டாம்: ஒரிஜினல், டூப்ளிகேட், பழைய சாமான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க இருந்த வண்டியைத்தான் திருத்தித் திருத்தி ஓட்டினோம். ஒரு பிறேக் சூ எவ்வளவு நாள் தாக்குப் பிடித்தது என்று பார்க்கிறபோது அது எந்த வகைச் சாமான் என்று தெரியாவிட்டால் அந்த வரலாறு பாதிதான்.

தமிழ் எழுத்து திரையில்

திரை அகலத்தைச் சோதிக்க "அஅஅ" என்று அடிக்காமல் "புதுக்குடியிருப்பு" என்று அடித்துப் பாருங்கள். எங்களுக்கு அது 9 எழுத்து, கணினிக்கு 18 குறியீட்டு அலகு. 15க்கு மேல் ஏற்க மாட்டேன் என்று ஊர்ப் பெயருக்கு எல்லை வைத்திருந்தால் அந்த ஊர்க்காரர் பதியவே முடியாது. ஆங்கிலத்தில் அழகாக நின்ற பொத்தான் தமிழில் இரண்டு வரியாகும், அதற்கு இடம் விட்டு வரையுங்கள். வரிகளுக்கிடையிலும் கொஞ்சம் கூடுதல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மேலும் கீழும் உரசும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம், தெளிவு.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. "கொ" என்பதில் ககரத்துக்குப் பிறகு வருகிற ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கக்கூடும். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் அகப்படாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இந்த இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குகிற யூனிகோட் இயல்பாக்கத்தை ஒரே முறையில் ஓடவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

செயலியில் சொற்களைத் தேர்ந்தெடுக்கும்போது கராச்சில் கேட்டதையே போடுங்கள். "எண்ணெய் வடிகட்டி" என்று எழுதினால் தம்பி தேடிக்கொண்டிருப்பார், "ஒயில் பில்டர்" என்றால் விரல் போய் நிற்கும்.

நினைவூட்டல்

அறிவித்தல் மேல் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 13இலிருந்து அறிவித்தல் காட்டப் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும், அவர் "வேண்டாம்" என்று தட்டினால் முடிந்தது. அனுமதி தந்தாலும் சில போன்களின் பற்றரிச் சேமிப்பு உங்கள் செயலியைப் பின்னணியில் தூங்க வைத்துவிடும். அதனால் செயலியைத் திறந்தவுடன் வருகிற முதல் திரையிலேயே "இந்தக் கிழமை கூப்பிட வேண்டியவர்கள்" என்ற பட்டியலை வையுங்கள். பெயர், வண்டி, என்ன வேலை, பக்கத்தில் அழைப்புப் பொத்தான், வாட்ஸ்அப் பொத்தான். முதல் பதிப்புக்கு இது போதும், செலவும் இல்லை. மெக்கானிக் அண்ணையே எடுத்து "தம்பி, ஒயில் மாத்த வேணுமடாப்பா" என்று சொன்னால் எந்தத் தானியங்கிச் செய்தியைவிடவும் ஆள் வருவார்.

குறுஞ்செய்தி அனுப்புவதானால் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழிலும் சிங்களத்திலும் 70தான். தாண்டினால் இரண்டு செய்தியாகக் காசு போகும், அதுவும் துண்டுக்கு 67 வீதம். "வணக்கம், 1234 ஒயில் மாத்த வேணும். இந்தக் கிழமை வாங்கோ." இது 54 இடம். கடைசியில் ஓர் இடைவெளியும் கராச்சின் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணும் சேர்ந்தால் 65, ஒரே செய்திக்குள் நிற்கும். இப்படி எண்ணிப் பார்த்து வாசகத்தை எழுதுங்கள். ஏ9 கரையோரக் கராச்சுகளுக்குச் சிங்களம் பேசுகிறவர்களின் வண்டிகளும் வரும், ஆகவே செய்தியின் மொழியை ஆளுக்கு ஆள் தெரிய விடுங்கள்.

வண்டிக்காரருக்கு மிகவும் பிடிக்கப் போவது இன்னொரு நினைவூட்டல்: வருமான அனுமதிப்பத்திரம். அது வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது, அதற்கு முன் காப்புறுதியும், பெரும்பாலான வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். எனவே காலாவதித் திகதிக்கு மூன்று கிழமை முன்னரே சொல்லுங்கள், முதல் நாள் சொல்லிப் பயனில்லை. புகைப் பரிசோதனைக்கு முன் எயார் பில்டர் பார்த்துக்கொள்ளச் சொன்னால் கராச்சுக்கும் ஒரு வேலை.

சிக்னல் இல்லாத இடம்

வீதியை விட்டு உள்ளே போனால் இணையம் வரும் போகும். எல்லாப் பதிவும் முதலில் போனுக்குள்ளேயே, எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் விழட்டும், சிக்னல் வந்தபோது மேலே போகட்டும். "ஏற்றுகிறது" என்று வட்டம் சுற்றுகிற திரை ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரே கராச்சில் இரண்டு போன் என்றால், பதிவு இலக்கத்தை 1, 2, 3 என்று கொடுக்காமல் போனிலேயே உருவாகிற நீண்ட தனி அடையாளம் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு போனும் ஒரே இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு மோதும். பதிந்ததை அழிக்காமல் திருத்தத்தைப் புதிய பதிவாகச் சேர்க்கிற முறை இந்த மோதலையும் குறைக்கும், "நான் தந்த காசு எங்கே?" என்ற வாக்குவாதம் வந்தால் காட்டவும் உதவும். நாளுக்கொருமுறை பிரதி எடுத்து வெளியே வைக்கிற வசதி முதல் பதிப்பிலேயே வேண்டும். போன் ஒயில் வாளிக்குள் விழுந்தால் ஒரு போகத்துக் கடன் முழுக்கப் போய்விடும்.

2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது எல்லோரும் அதை அச்சடித்து, லமினேட் செய்து வைத்திருந்தது நினைவிருக்கும். அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்தலாம்: சீற்றுக்குக் கீழே ஒரு சிறு கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். ஸ்கேன் செய்தால் அந்த வண்டியின் பக்கம் திறக்கும், இலக்கம் கூட அடிக்கத் தேவையில்லை. அதற்குள் பெயரோ தொலைபேசி எண்ணோ வைக்காதீர்கள், அந்த நீண்ட அடையாளம் மட்டும்.

என்ன கேட்கக் கூடாது

அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, பிறந்த திகதி இவை ஒயில் மாற்றத் தேவையில்லை. வன்னியில் யாராவது விபரம் கேட்டுப் பதியத் தொடங்கினால் சனம் கொஞ்சம் பின்னுக்கு நிற்கும், ஏன் என்று எங்களுக்குத் தெரியும். பெயர், ஊர், ஒரு தொலைபேசி எண், அதுவும் செய்தி அனுப்பலாமா என்று கேட்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தேவையானதை மட்டும் எடு, எடுத்ததைப் பத்திரமாக வை என்பதே அதன் போக்கும். கடன் தொகை பட்டியலில் வெளிப்படையாகத் தெரியக் கூடாது, பக்கத்தில் நிற்கிறவர் அதே ஊர்க்காரராக இருப்பார். சேர்விஸ் நினைவூட்டலோடு கடனைச் சேர்த்து எழுதி அனுப்பவே வேண்டாம். அந்தச் செய்தியை வீட்டில் யார் திறப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, வண்டிக்காரரும் அடுத்த முறை வேறு கராச்சுக்குப் போவார்.

கட்டுவதும் வெளியிடுவதும்

நிரல் எழுதுமுன் கூகுள் ஷீட்டும் ஆப்ஷீட்டும் வைத்து ஒரு மாதிரியைக் கட்டி ஒரு கராச்சில் ஓடவிட்டுப் பார்க்கலாம், அட்டவணைகள் சரியா என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு ஃப்ளட்டரோ கொட்லினோ, உங்களுக்கு எது வருமோ அது. கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் படிக்கிறவர்களுக்கு ஒரு வசதி, இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பமும் தகவல் தொழில்நுட்பமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஸ்பானர் பிடிக்கிற நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் பாதிப் பிழை வராமலே போகும்.

இணைய வழி முற்பதிவு, இருப்பிடத் தடம், கார்ட் கட்டணம், அரட்டைப் பெட்டி இவற்றை ஒதுக்கி வையுங்கள். ஆட்கள் முற்பதிவு செய்வதில்லை, வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள்.

பிளே ஸ்டோரில் போட 25 டொலர் ஒருமுறை கட்ட வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கென்றால் வெளியிடும் முன், நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் இறக்கிப் பார்க்கிற மூடிய சோதனையில் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் இருக்க வேண்டும் என்பது விதி. இந்தப் பன்னிரண்டு பேரையும் வகுப்பு நண்பர்களால் நிரப்பிவிடாமல் நாலைந்து பேரையாவது கராச்சிலிருந்து எடுங்கள், அதற்கு அவர்களின் ஜிமெயில் முகவரி வேண்டும், கடவுச்சொல் மறந்திருப்பார்கள், போய் இருந்து எடுத்துக் கொடுக்க வேண்டி வரும். சோதனையைத் தொடங்க நல்ல காலம் ஓகஸ்ட். உழவுக்கு வண்டிகள் வரத் தொடங்கும் முன் கை பழகிவிடும். விதைப்பு நடக்கிற ஒக்டோபரில் கொண்டுபோய் நீட்டினால் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது.